‘ரத்தக் கட்டிதான், எடுத்துவிட்டோம்’: விளக்கப்படாத நோயறிதல் முழுமையான நோயறிதல் அன்று

மூளையில் தோன்றும் அரிய இரத்தக்குழாய்க் கட்டிகளைப் பற்றி எழுத மொழியியல் படித்தவனுக்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். படத்தைப் படிப்பவர் கதிரியலாளர், கட்டியை அகற்றுபவர் அறுவை மருத்துவர், திசுவை ஆராய்பவர் நோய்க்குறியியலாளர். நடுவில் உனக்கு என்ன வேலை என்பது நியாயமான கேள்விதான். என் விடை இது: இந்நோய்களில் நோயறிதலும் சிகிச்சையும் அறுவை அரங்கில் முடிந்துவிடுவதில்லை. நோயாளியின் ஆயுள் முழுவதும், சில வேளைகளில் அவருடைய பிள்ளைகளின் ஆயுள் முழுவதும், அவை தொடர்கின்றன. அத்தனை ஆண்டுகளும் அந்நோயைப் பற்றி அடுத்த மருத்துவரிடம், உறவினரிடம், பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நோயாளியே. அதற்குரிய சொற்களை மருத்துவமனைகள் அவருக்குக் கொடுப்பதில்லை. தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் அது தம் வேலை என்று நினைப்பதே இல்லை. இப்பதிவு இரு தரப்பையும் நோக்கியே எழுதப்படுகிறது.

1. எந்தக் கட்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்

பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் போய்விடும். மூன்று நோய்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா. பெரும்பாலும் சிறுமூளையிலும் தண்டுவடத்திலும் தோன்றும் கட்டி. மண்டையோட்டுக்குள் வரும் கட்டிகள் நூறில் இரண்டுக்கும் குறைவாகவே இதைச் சேர்ந்தவை. எம்ஆர்ஐ படத்தில் நீர் நிறைந்த ஒரு பையும், அதன் சுவரில் ஒட்டிய சிறு முடிச்சும் பல வேளைகளில் தெரியும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏறியதும் அம்முடிச்சு பளிச்சென்று ஒளிரும். நோய் அம்முடிச்சில்தான் இருக்கிறது. பையின் சுவரை அகற்றத் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. முடிச்சைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க முயன்றால் இரத்தப்பெருக்கைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். ஆகவே அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளை முதலில் அடைத்து, சுற்றிலும் பிரித்து, ஒரே துண்டாக வெளியே எடுக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் இது முதல் தரம், அதாவது மெதுவாக வளர்வது, புற்றுநோயைப் போல் பரவாதது.

இரண்டாவது, நெடுங்காலம் ஹெமாஞ்சியோபெரிசைட்டோமா என்று அழைக்கப்பட்ட கட்டி. மூளையுறையை ஒட்டி வளரும். படத்தில் மெனிஞ்சியோமா போலவே தோன்றி ஏமாற்றும். முழுவதுமாக அகற்றிய பின்னும் பத்து ஆண்டுகள், அதற்கும் மேல் கழித்து மீண்டும் வரக்கூடும். எலும்பு, நுரையீரல், கல்லீரல் வரை பரவவும் கூடும்.

மூன்றாவது கேவர்னோமா. மெல்லிய சுவர் கொண்ட இரத்தக்குழாய்கள் திரண்ட கொத்து. கண்டிப்பாகச் சொன்னால் இது கட்டியே அன்று, இரத்தக்குழாய் அமைப்பில் நேர்ந்த கோளாறு. ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கு இருக்கலாம். பலருக்கு எந்தத் தொல்லையும் தராமலே கிடக்கும். சிலருக்கு மட்டும் இரத்தம் கசியும், வலிப்பு வரும். முதல் இரண்டையும் போல அரிதன்று என்றாலும், பெயரால் அவற்றோடு குழம்புவதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்றும் வெவ்வேறு நோய்கள். முதலாவதில் குடும்பத்தைச் சோதிக்க வேண்டியிருக்கலாம். இரண்டாவதில் நோயாளியை ஆயுள் முழுவதும் கண்காணிக்க வேண்டும். மூன்றாவதில் பல வேளைகளில் ஒன்றும் செய்யாமல் கவனித்தாலே போதும். நம் வெளிநோயாளர் பிரிவுகளில் மூன்றுக்கும் கிடைக்கும் தமிழ் விளக்கமோ பெரும்பாலும் ஒன்றே: “மூளையில ரத்தக் கட்டி.”

2. நரம்பு, கட்டி, தீங்கற்ற

இங்கேதான் மொழியியலுக்கு வேலை தொடங்குகிறது. ‘கட்டி’ என்னும் தமிழ்ச் சொல் சீழ்க் கட்டியைக் குறிக்கும். கொழுப்புக் கட்டியைக் குறிக்கும். புற்றுக் கட்டியைக் குறிக்கும். உறைந்த இரத்தத்தையும் குறிக்கும். ‘இரத்தக் கட்டி’ என்றால் தமிழ் பேசும் பெரும்பாலோர் புரிந்துகொள்வது உறைந்த இரத்தத்தைத்தான். விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு வருவது அது. பக்கவாதம் வந்தவருக்குச் சொல்லப்படுவதும் அது. ஆகவே இரத்தக்குழாய்களால் ஆன ஒரு கட்டியை ‘ரத்தக் கட்டி’ என்று மருத்துவர் சுருக்கிச் சொல்லும்போது, கேட்பவர் வேறொரு நோயைக் கேட்கிறார். மாத்திரையில் கரையுமா என்று கேட்கிறார். அகற்றிவிட்டால் கதை முடிந்தது என்று நம்புகிறார்.

‘நரம்பு’ இதைவிடச் சிக்கலானது. யாழின் தந்தி, இலையின் கோடு, தசைநார், உணர்வைக் கடத்தும் நரம்பு, இரத்தம் ஓடும் நாளம் ஆகிய எல்லாவற்றையும் தமிழர் நரம்பு என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். கலைச்சொல் அகராதிகள் ஒரு பொருளுக்கு மட்டும் அதை ஒதுக்கிவிட்டன, மக்கள் ஒதுக்கவில்லை. ஊசி போட வரும் செவிலியர் இன்றும் “நரம்பு கிடைக்கலையே” என்றுதான் சொல்கிறார். இந்நிலையில் ‘மூளை நரம்பில் கட்டி’ என்ற தொடர் நோயாளிக்கு என்ன பொருள் தரும்? இரத்தக்குழாயா, நரம்பா? பெங்களூரில் இக்குழப்பம் தமிழோடு நிற்பதும் இல்லை. கன்னடத்தின் ‘நர’, தக்கணி உருதுவின் ‘நஸ்’ ஆகியவையும் பேச்சுவழக்கில் இரண்டையும் குறிக்கின்றன. கட்டியைக் குறிக்கும் கன்னடச் சொல்லே கிழங்கையும் குறிக்கும். தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் காக்ஸ் டவுன் போன்ற பகுதியில், மருத்துவர் எந்த மொழிக்குத் தாவினாலும் குழி அங்கேயும் இருக்கிறது.

ஆங்கிலம் தெளிவானது, தமிழ்தான் குழப்பம் என்று முடிவுகட்ட வேண்டாம். ‘ஓமா’ என்ற கிரேக்க விகுதியைப் பாருங்கள். ஹெமடோமா என்பது தேங்கிய இரத்தம். ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா என்பது கட்டி. கேவர்னோமா என்பது இரத்தக்குழாய்க் கோளாறு. மூன்றுக்கும் ஒரே வால். 1928இல் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி இருவரும் மூளையின் இரத்தக்குழாய்களிலிருந்து எழும் கட்டிகளைப் பற்றித் தனி நூலே எழுதி, குறைபாடுகளையும் கட்டிகளையும் பிரித்துக் காட்டினார்கள். அதன் பிறகும் பெயர்க் குழப்பம் தீரவில்லை. நான் இரண்டாவதாகச் சொன்ன கட்டி ஒரு காலத்தில் மெனிஞ்சியோமாவின் ஒரு வகை என்று கருதப்பட்டது. 1993ஆம் ஆண்டு வகைப்பாட்டில் தனி நோயாயிற்று. 2013இல் இரண்டு மரபணுக்கள் இணைந்துகொள்வதே அதன் அடையாளம் என்று தெரிந்தது. 2016இல் அதன் பெயரோடு இன்னொரு பெயர் ஒட்டப்பட்டது. 2021இல் பழைய பெயர் முற்றாக நீக்கப்பட்டு, ‘சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர்’ என்பது மட்டும் நின்றது. 2010இல் அறுவை செய்துகொண்ட ஒருவர் 2022இல் மீண்டும் மருத்துவமனைக்குப் போனால் அவருடைய நோய்க்கு வேறு பெயர் சொல்வார்கள். தனக்கு வந்திருப்பது புதிய நோயா, பழைய நோயின் புதிய பெயரா என்பதை அவருக்கு யார் சொல்வது?

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் ‘தீங்கற்ற கட்டி’. ஆங்கிலத்தில் ‘பினைன்’ என்பது நோய்க்குறியியலாளர்களுக்கிடையிலான குழூஉக்குறி. உயிரணுக்களின் நடத்தையை மட்டும் அது சொல்கிறது. அதைத் ‘தீங்கற்ற’ என்று மொழிபெயர்த்தவுடன் ஒரு வாக்குறுதியாக அது மாறிவிடுகிறது. சிறுமூளையில் வளரும் முதல்தரக் கட்டி, மூளைநீர் ஓடும் வழியை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடும். அதற்குத் ‘தீங்கற்ற’ என்று பெயர் வைத்த கலைச்சொல்லாளர், அச்சொல்லைக் கேட்டு அடுத்த ஆண்டு எம்ஆர்ஐக்கு வராமல் போகும் நோயாளியை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

3. “வீட்டில் வேறு யாருக்காவது?”

சொல் பிழைத்தால் புரிதல்தானே பிழைக்கும், சிகிச்சை பிழைக்காதே என்பவர்கள் வான் ஹிப்பல்–லிண்டாவ் நோயைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆய்கன் வான் ஹிப்பல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழித்திரையில் கண்ட இரத்தக்குழாய்க் கட்டிகளையும், சிறுமூளையில் தோன்றும் கட்டிகளையும் ஒரே நோயின் இரு முகங்களாக இணைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் லிண்டாவ், ஆண்டு 1926. இந்நோய்க்குக் காரணமான மரபணு மூன்றாம் குரோமோசோமில் இருப்பது 1993இல் உறுதியானது. உயிரணுக்கள் ஆக்ஸிஜன் குறைவை உணரும் முறையில் இம்மரபணுவின் புரதம் வகிக்கும் பங்கை விளக்கிய ஆய்வுகளும் சேர்ந்தே 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்றன. ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்பரம்பரை நோய் இருக்கக்கூடும். இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்பட ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. கண்ணில், தண்டுவடத்தில், சிறுநீரகத்தில், அட்ரினல் சுரப்பியில், கணையத்தில் கட்டிகள் வரலாம். சிறுநீரகத்தில் வருவது புற்றாகவும் இருக்கலாம்.

இந்நோயைக் கண்டறியும் மரபான விதி எளிமையானது. குடும்பத்தில் முன்பே ஒருவருக்கு இருந்தால், இவருக்கு ஒரு கட்டி இருந்தாலே போதும். குடும்ப வரலாறு இல்லையென்றால் இரண்டு கட்டிகள் தேவை. ஆக, “வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?” என்ற கேள்விக்கு வரும் விடை நோயறிதலையே மாற்றுகிறது. இப்போது அந்தக் கேள்வி தமிழில் எப்படிக் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். “வீட்ல யாருக்காவது மூளைக் கட்டி இருந்துச்சா?” விடை: “இல்லீங்க.” அவர் பொய் சொல்லவில்லை. அப்பாவுக்கு இளவயதிலேயே ஒரு கண் பார்வை போயிற்று. அத்தை ‘கிட்னி’ நோயில் இறந்தார். சித்தப்பாவுக்கு முப்பது வயதிலேயே கடும் பிபி, திடீர் வியர்வை, படபடப்பு. இவற்றில் எதற்கும் மூளைக் கட்டி என்று பெயரில்லை. ஒரே நோய் நான்கு பெயர்களில் ஒரு குடும்பத்தில் வாழ்ந்துகொண்டிருக்க, படிவத்தில் ‘குடும்ப வரலாறு இல்லை’ என்று எழுதப்படும். இதை மருத்துவப் பிழை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேள்வியின் பிழை அது. கண் பார்வை போனவர் உண்டா, சிறுநீரகத்தில் கட்டி வந்தவர் உண்டா, இளவயதில் இரத்த அழுத்தம் எகிறியவர் உண்டா என்று தனித்தனியாகக் கேட்டால் அரை மணி நேரத்தில் கிடைக்கும் விடை, ஒரு கேள்வியாகக் கேட்டால் கிடைக்காமலே போகும்.

இது அறுவை அரங்குக்கும் பொருந்தும். அட்ரினலில் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் வான் ஹிப்பல்–லிண்டாவ் ஐயம் உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன்பே இரத்தம் அல்லது சிறுநீரில் அதற்கான சோதனையைச் செய்கிறார்கள். ஐயம் எழ வேண்டுமே. அது எழுவது பெரும்பாலும் பேச்சிலிருந்துதான்.

காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் நான் ‘டாக்டருக்குப் படிக்கிற தம்பி’. என் பட்டம் எந்த டாக்டர் என்று விளக்கிச் சலித்துவிட்டேன். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் என்பதால் மருத்துவமனைக் காகிதங்கள் என்னிடம் வரும். ஓர் அக்கா, கணவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்தார். மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. அறுவை நன்றாகவே நடந்திருந்தது. “ரத்தக் கட்டின்னாங்க தம்பி, எடுத்தாச்சு. இன்னும் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடலாமா கூடாதான்னு இதுல போட்டிருக்கா பாரு.” எண்ணெய்ப் பலகாரம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சிறுமூளை ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா என்று இருந்தது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், விழித்திரைப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், மரபணு ஆலோசனை, நெருங்கிய இரத்த உறவினர்களுக்குச் சோதனை என்று ஆங்கிலத்தில் நான்கு பரிந்துரைகள் இருந்தன. இரண்டு ஆண்டுகளாக அவ்வரி அந்த வீட்டின் பீரோவில் இருந்திருக்கிறது. வீட்டில் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள்.

பிறகு அவர்கள் சோதனைக்குப் போனார்கள். முடிவு அந்தக் குடும்பத்துக்குரியது, இங்கே எழுதப்போவதில்லை. என் கேள்வி வேறு. இப்பரம்பரை நோய் இருக்கக்கூடிய குழந்தைக்குக் கண் சோதனையைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி ஆண்டுதோறும் செய்யச் சொல்கிறார்கள். விழித்திரைக் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டால் லேசர் போதும். விட்டுவிட்டால் விழித்திரை கழன்று பார்வை போய்விடும். ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்ததோடு அந்த மருத்துவமனையின் கடமை முடிந்ததா? சட்டம் முடியவில்லை என்கிறது. 2008இல் சமீரா கோலி வழக்கில், நோயாளி தானே சீர்தூக்கி முடிவெடுக்கும் அளவுக்குத் தகவல் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும் அளவில் விளக்கம் தரச் சொல்கிறது. இவ்வளவு தெளிவான கடமையைப் பீரோவில் கிடக்கும் ஒரு வரியால் நிறைவேற்றிவிட்டதாக நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

4. நான்கு மறுப்புகள்

‘அரிய நோய்க்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு?’ வான் ஹிப்பல்–லிண்டாவ் ஏறத்தாழ 36,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது என்பது மேலை நாட்டுக் கணக்கு. அதே விகிதத்தை 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடி மக்கள் வாழ்ந்த தமிழ்நாட்டுக்குப் பொருத்தினால் இரண்டாயிரம் பேர் வருகிறார்கள். நோயால் ஆயுள் குறைவதைக் கழித்தாலும் எண்ணிக்கை ஆயிரக்கணக்கின் அருகில்தான் நிற்கும். இதைத் தவிர நூற்றுக்கணக்கான அரிய நோய்கள் உண்டு. தனித்தனியே அரிது, சேர்த்தால் அரிதன்று. 2021இல் வெளிவந்த தேசிய அரிய நோய்க் கொள்கையும், 2022இல் ஐம்பது லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்ட உதவியும் பணத்தைப் பற்றிப் பேசுகின்றன. தனக்கு அரிய நோய் இருப்பதே புரியாதவர் எந்த மேசையில் போய் விண்ணப்பிப்பார்?

‘மருத்துவருக்கு நேரமில்லை.’ உண்மை; அரசு மருத்துவமனையில் வரிசை வாசல்வரை நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். எனவே மருத்துவரையே மொழிபெயர்ப்பாளராகவும் ஆகச் சொல்லவில்லை. ஒரு நோய்க்கு ஒரு பக்கம், நான்கு மொழிகளில் ஒருமுறை எழுதினால் போதும். எழுத வேண்டியவர்கள் பல்கலைக்கழகங்களில் ஊதியமும் உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு இருக்கிறோம்.

‘விளக்கினால் பயந்துவிடுவார்கள்.’ பயம் ஏற்கனவே இருக்கிறது. அதற்குத் தவறான பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் 1974இல் மனநல மருத்துவமனையும் அனைத்திந்திய மனநல நிறுவனமும் இணைந்து உருவானது. மூளைக் கட்டிகளுக்கான அறுவையிலும் நோய்க்குறியியலிலும் நாட்டின் முதன்மையான இடங்களில் ஒன்று. இன்றும் கண்டோன்மென்ட் பக்கத்து முதியவர்களில் சிலர் அங்கே போகத் தயங்குவார்கள். பழைய பெயர் அவர்கள் நாவில் இன்னும் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’யாகவே இருக்கிறது. விளக்காமல் விட்ட சொல் ஐம்பது ஆண்டுகள் ஆனாலும் தானாகச் சரியாவதில்லை.

‘தமிழில் இதெல்லாம் சொல்ல முடியாது.’ 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் தமிழ் நூல்களாக வந்தன. தமிழில் படித்தவர்கள் மருத்துவராக ஊர்களில் பணி செய்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அயல்நாட்டார் செய்ததை, 1949இல் ஜேக்கப் சாண்டி வேலூரிலும் 1950இல் பி. ராமமூர்த்தி சென்னையிலும் நரம்பியல் அறுவைத் துறைகளைத் தொடங்கிய நிலத்தில் செய்ய முடியாது என்பவர்கள் மொழியைக் குறை சொல்லித் தம் சோம்பலை மறைக்கிறார்கள்.

5. நம் வீட்டுக் குற்றம்

இனி என் துறைக்காரர்களிடம் வருகிறேன். கலைச்சொல்லாக்கம் என்றால் கிரேக்க வேரை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வேரை வைத்து, மீண்டும் ஒட்டுவது என்று நாம் பழகிவிட்டோம். அம்முறைப்படி ஹெமாஞ்சியோபிளாஸ்டோமாவைக் ‘குருதிக்குழல் முளையணுக்கட்டி’ என்று ஆக்கலாம். ஆக்கியவருக்கு ஒரு கட்டுரை; கருத்தரங்கில் ஒரு பொன்னாடை. நோயாளிக்கு? அடுத்த மருத்துவமனையில் அச்சொல்லைச் சொன்னால் மருத்துவருக்கும் புரியாது, இணையத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கிரேக்கப் பெயர் மறைத்ததைத் தமிழ்ப் பெயரும் மறைக்கிறது; கூடுதலாக, உலகத்தோடு இருந்த தொடர்பையும் அறுத்துவிடுகிறது.

2022 அக்டோபரில் போபாலில் மருத்துவப் படிப்பின் முதலாண்டுப் பாடநூல்கள் மூன்று இந்தியில் வெளியிடப்பட்டபோது நம் தரப்பில் இரண்டு கூச்சல்கள் கேட்டன. ஒரு கூட்டம் அது நகைப்புக்குரியது என்றது; இன்னொரு கூட்டம் தமிழிலும் உடனே வேண்டும் என்றது. இரண்டும் மாணவர் படிக்கும் நூலைப் பற்றியவை. நோயாளி கையில் கொண்டுபோகும் காகிதத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. தாய்மொழிவழி மருத்துவக் கல்வி வர எத்தனை ஆண்டுகளாகும் என்று தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு தமிழ்ப் பக்கத்தை இணைக்க ஒரு மாதம் போதும். பெரிய போரில் முழங்குவது எளிது என்பதால் சிறிய வேலையை நாம் தொடவே இல்லை.

தமிழகத்திலும் கர்நாடகத்திலும் மொழியியலில் ஆய்வு செய்யும் நண்பர்களே, வெளிநோயாளர் பிரிவில் நடக்கும் ஓர் உரையாடலைப் பதிவு செய்து பகுத்தாய்வது குறைந்த தரமான ஆய்வன்று. ‘நரம்பு’ என்ற சொல்லை மருத்துவர் எப்பொருளில் சொன்னார், நோயாளி எப்பொருளில் கேட்டார் என்பதைத் தக்க ஒப்புதலோடும் அறநெறிக் குழுவின் அனுமதியோடும் ஆராய்வது பொருண்மையியல் அன்றி வேறென்ன?

6. என்ன செய்யலாம்

முதலில், பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிக் கொடுங்கள். நோயாளி தன் நோயின் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொள்ளட்டும். டயாபடீஸையும் டயாலிசிஸையும் சொல்லப் பழகிய நாவுக்கு இதுவும் பழகும். பெயர் மாறிய நோய் என்றால் பழைய பெயரையும் அருகில் எழுதுங்கள்.

இரண்டாவதாக, பெயருக்குக் கீழே எளிய தொடர்களில் விளக்கம் வேண்டும்; அதில் ‘இது என்ன அன்று’ என்பதும் இடம்பெற வேண்டும். எடுத்துக்காட்டாக: “இது மூளையில் இரத்தக்குழாய்கள் திரண்டு வளர்ந்த கட்டி. உறைந்த இரத்தம் அன்று, மாத்திரையில் கரையாது. புற்றுநோய் அன்று, ஆனால் வளர்ந்தால் உயிருக்கு ஆபத்து. வேறோர் இடத்தில் புதிதாக வரலாம்.” இதில் ஒரு புதுச்சொல்லும் இல்லை. ‘தீங்கற்ற’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

மூன்றாவதாக, அடுத்து என்ன, எப்போது, யாருக்கு என்பதை நாள் குறித்து எழுத வேண்டும். ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா என்றால் குடும்பத்தில் யார் யார் சோதனைக்கு வர வேண்டும் என்பது. சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்றால் பத்தாண்டு கழித்தும் படம் எடுக்க வேண்டும் என்பது. கேவர்னோமா என்றால் எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பது.

நான்காவதாக, புதிய மருந்துகளை முன்வைத்து இதை அவசரமாகச் செய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் வான் ஹிப்பல்–லிண்டாவ் நோய்க்கு பெல்சுடிஃபான் என்ற மாத்திரை ஒப்புதல் பெற்றது. உடனடி அறுவை தேவைப்படாத மூளைக் கட்டிகளுக்கும் அது தரப்படுகிறது. அது இரத்தச்சோகையை உண்டாக்கலாம். ஆக்ஸிஜன் அளவைக் குறைக்கலாம். கருவுக்குத் தீங்கு செய்யும். சில கருத்தடை மாத்திரைகளின் பயனையும் கெடுக்கும். இவ்வளவையும் ஒரு பெண்ணுக்கு அவர் மொழியில் சொல்லாமல் அம்மாத்திரையை எழுதிக் கொடுப்பதைச் சிகிச்சை என்று எப்படி அழைப்பது?

மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கைத்திறனை நான் ஐயப்படவில்லை. இரத்தம் பீறிடும் ஒரு முடிச்சைச் சிறுமூளையிலிருந்து முழுதாக எடுத்து, மனிதரை நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்புவது எளிய செயலன்று. அவ்வளவு அரும்பாடுபட்டுக் காப்பாற்றியவரின் பிள்ளை, ஒரு வரி தமிழில் இல்லாததால் பார்வை இழக்கக்கூடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

துறை நண்பர்களுக்கு: முதல் மூன்று பக்கங்களின் தமிழ் வரைவை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மருத்துவர் ஒருவர் சரிபார்க்காமல் அவை எங்கும் போகாது. கன்னடம், உருது, தெலுங்கு தெரிந்தவர்களும், இந்நோய்களைப் பார்க்கும் மருத்துவர்களும் வேண்டும். வாதிட விரும்புபவர்கள் கீழே வாதிடலாம். வேலை செய்ய விரும்புபவர்கள் உள்பெட்டிக்கு வரவும்.